சனி பார்க்கப் போன குழாய்

1

இந்தக் கதை ஒரு வாஷ்பேசினுக்கு அடியில் பிறந்தது. நண்பர் வீட்டில் கை கழுவினேன். தண்ணீர் நேராக என் காலில் கொட்டியது. செருப்புகள் மிதந்து தெருமுனை வரை போய்விட்டன. (போகவில்லை. நனைந்தன. வெறுமனே ‘நனைந்தன’ என்று எழுத எனக்கு மனசு வராது.) நண்பரின் மனைவி வாளியோடு ஓடி வந்தார். “மன்னிச்சுக்குங்க. எங்க வீட்டு பைப்பு சனி கிரகம் பாக்கப் போயிருக்கு.”

இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

2

ஏரிக்கரையில் அன்று மாலை பொன்னை உருக்கி ஊற்றியது போல—

வேண்டாம். வேறொரு கதைக்கு எழுதி மிஞ்சிய வரி. இதில் பொருந்தவில்லை. நண்பரின் தலைவலியும் அதேதான்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். (முதலில் விஞ்ஞானியாக்கினேன். விஞ்ஞானி வாஷ்பேசினைக் கழற்றுவாரா என்று சந்தேகம் வந்ததும் மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.) மொட்டைமாடியில் தன் கையாலேயே ஒரு தொலைநோக்கி செய்திருந்தார். யானையே உள்ளே படுத்துத் தூங்கலாம், அத்தனை பெரிய குழல். ஆனால் கண் வைக்கும் லென்ஸ் மட்டம். சனி கடுகளவு, வளையம் தெரியவே தெரியாது.

மகளின் மாமியாரிடம் பறவை பார்க்கும் தொலைநோக்கி இருந்தது. அதன் லென்ஸ் ராஜா வீட்டு லென்ஸ். “துடைச்சுத் தரேன் சம்பந்தியம்மா” என்று டிரைவர் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

“சாயங்காலம் வந்து வாங்கிக்குவேன். ஏரி நாரைக்கூட்டுல கடைக்குட்டி நாளைக் காலைல தாவிரும் போல. முட்டையிலேர்ந்து பாத்துட்டு வரேன், அதை விட்டுட முடியாது.”

வீட்டுக்கு வந்தால் லென்ஸ் பொருந்தவில்லை. அதன் அடியில் திருகிப் பூட்டும் இரண்டு காதுகள்; தொலைநோக்கியிலோ வெறும் வட்டத் துளை, ஒன்றேகால் அங்குலம். மருந்து டப்பா, டார்ச், மனைவியின் வளையல் என்று வீட்டில் உருண்டையாக இருந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கடைசியில் வாஷ்பேசின் குழாய் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அதன் வாயில் லென்ஸை வைத்துப் பசை போட்டு டேப் சுற்றினார்.

3

(அறுத்துவிட்டேன்.)

4

பார்த்தால் ஒரே மங்கல். லென்ஸ் இன்னும் உள்ளே போக வேண்டும்; இடமில்லை. கீழே ஒளியைத் திரட்டும் கண்ணாடியை மேலே ஏற்றுவதுதான் வழி, அதாவது குழலின் அடியில் நாலு விரல் அறுப்பது. அறுத்தார். என் கதையும் மங்கலாக இருந்ததால் மூன்றாம் பகுதியை அறுத்தேன். அதில் அவருடைய பள்ளிப் பருவம் இருந்தது. உங்களுக்கு நஷ்டமில்லை.

இருட்டத் தொடங்கியதும் சனி வந்தது, வளையத்தோடு! டிரைவர் போட்ட கூச்சலில் ஏழு தெரு நாய்கள் குரைத்தன. சம்பந்தியம்மாவும் மாடியேறி வந்தார்.

“துடைச்சாச்சா சம்பந்தி?”

“துடைச்சுக்கிட்டே இருக்கேன்.”

“பைப்புல மாட்டியா துடைக்கிறீங்க?”

“பைப்பு என்னோடது” என்றார் பின்னாலேயே வந்த மனைவி.

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பசை கல்லாக இறுகியிருந்தது.

“போச்சு! காலைல எதுல பாப்பேன்?” சம்பந்தியம்மா டேப்பை நகத்தால் கீறிப் பார்த்தார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். “இதையே ஏரிக்குத் தூக்கிட்டு வரேன். ஒண்ணே ஒண்ணு, இதுல எல்லாம் தலைகீழாத் தெரியும்.”

“நாரை கூடவா?”

“நாரைக்குன்னு தனியாவா செஞ்சு வச்சிருக்கேன்?”

5

ஏரிக்கரை, விடிகாலை. (மிஞ்சிய வரியை இங்கே நுழைத்துப் பார்த்தேன். அது மாலைக்கானது. போகட்டும்.) சம்பந்தியம்மா கண் வைத்தார். நடு ஏரியில் மரம் தலைகீழாக நின்றது. குஞ்சு கூட்டின் விளிம்புக்கு வந்தது, தயங்கியது, தாவியது.

“மேல போவுது! சம்பந்தி, மேல போவுது!”

“மேலன்னா... கீழ சம்பந்தியம்மா!”

அவர் பதறிப்போய் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து ஏரியை நேராகப் பார்க்கத் திரும்புகிறார். நான் பேனாவை மூடுகிறேன். குஞ்சு தண்ணீரைத் தொடுமுன் சிறகடித்து எழும்பியதா, தொப்பென்று விழுந்து நனைந்து கரையேறியதா? நீங்களே சொல்லுங்கள். (நான் எழுதினால் அது நேரே சனிக்குப் போய் வளையத்தில் உட்கார்ந்துவிடும். அந்தப் பயத்தில்தான் உங்களிடம் விடுகிறேன்.)

எப்படி முடித்தாலும் சரி, குழாயை மட்டும் மீட்டு வாஷ்பேசினில் மாட்டிவிடுங்கள். அந்த வீட்டில் நாளைக்கும் எனக்குச் சாப்பாடு.