நீல டேப் சுற்றிய பாட்டில்

பல் டாக்டருக்குக் காரில் வேகம் வேண்டும். ஆனால் காரில் எதையும் வெட்டக் கூடாது. ஊரார் பல்லையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் பிடுங்குகிற மனுஷன், பம்பரைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருக்கும் என்றதும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மருமகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் மருமகள்தான். மாமனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஸ்பேனர் பிடிப்பது அவள் கணவன் வேலை. எஞ்சினுக்குள் எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று கம்ப்யூட்டரில் தீர்மானிப்பது அவள் வேலை.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்று போனால் பெட்ரோல் தன் முறை வருவதற்குள் வெடித்து, பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். ஆகவே காற்றைக் குளிர வைத்தாக வேண்டும். வெளிக்காற்றால் அதைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரை முன்பக்கம் போடலாம், ஆனால் அதற்குப் பம்பரை அறுக்க வேண்டும். பின்னால் ஐஸ் பெட்டி வைத்துக் குளிர்ந்த தண்ணீரைச் சுற்ற விடலாம், ஆனால் ஐஸ் உருகும் வரைதான் கொண்டாட்டம். மிச்சமிருப்பது ஒன்று. தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்து, காற்று போகிற குழாயில் பூந்தூறலாக அடிப்பது. அது ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெத்தனால் தன் பங்குக்கு எரியவும் செய்யும்.

"பானெட் ஓரத்துல சின்னதா ஒரு டேங்க். அவ்வளவுதான் டாக்டர்."

"வெட்ட மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டோம்."

அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமனார் அன்றைக்கும் பட்டறைக்கு வந்திருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கு ஆகாது என்று கிளம்பிவிடுவார். உண்மையில் அவர் வருவது காற்றுக்காக. காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அதன் பலத்தை அளக்கும் உருளை மேடை ஒன்று அங்கே உண்டு, டைனோ என்பார்கள். அதன் முன்னால் ஆள் உயர மின்விசிறி. அந்தக் காற்றின் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார் என்றால் அசைக்க முடியாது. அதுவும் ஜலதோஷத்தோடு.

"மூக்கு அடைச்சிருக்கு, மாத்திரை போட்டுட்டு வந்து விசிறி முன்னாடி உக்கார்றீங்களே மாமா. நியாயமா இது?"

"எனக்கு ஜலதோஷம் பிடிச்சா திட்டறே. காருக்கு ஜலதோஷம் பிடிக்க வைக்கிறதுக்கு ஊர்ல இருந்து கூலி வாங்கறே. இது மட்டும் நியாயமாம்மா?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இதே வாய்ச்சண்டைதான். ஒரு நாள் இல்லாவிட்டால் இருவருக்குமே சோறு இறங்காது.

மெத்தனால் விஷயத்தில் அவள் பெரிய கெடுபிடி. தண்ணீர் மாதிரியே இருக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் கண்ணைப் பிடுங்கும், உயிரையும் பிடுங்கும். அதற்கென்று தனி அலமாரி, பூட்டு, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. கையுறை இல்லாமல் கணவன் அந்த அலமாரிப் பக்கம் போனாலே கத்துவாள். இப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்தாள்.

புது டேங்கின் வாய் மிகச் சின்னது. கேனின் மூக்கு அதில் நுழையவில்லை, புனலும் குழாய்களில் இடித்தது. குடிதண்ணீர் பாட்டிலின் கழுத்துதான் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அடையாளத்துக்குக் கழுத்தில் நீல டேப் சுற்றி, அந்தப் பாட்டிலில் கலவையை ஊற்றி மேசையில் வைத்தாள். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு பாட்டில், வெறும் தண்ணீரோடு. முதலில் வெறும் தண்ணீர் அடித்து ஓட்டிப் பார்ப்பது, பிறகு டேங்கை வடித்துவிட்டுக் கலவை அடித்து ஓட்டுவது என்று திட்டம். தண்ணீர் ஓட்டம் முடிந்தது. இன்னொரு முறை தேவைப்படலாம் என்று தண்ணீர் பாட்டிலை மறுபடி நிரப்பி மேசையில் வைத்தாள். டேங்கைச் சுத்தமாக வடித்தாள். மேசைப் பக்கம் கை நீட்டிப் பாட்டிலை எடுத்து, கண்ணை டேங்கின் வாயிலேயே வைத்துக்கொண்டு ஊற்றினாள்.

கார் கத்தியது. பட்டறைத் தகரம் அதிர்ந்தது. திரையில் பலம் காட்டும் எண் ஏறியது, இன்னும் ஏறியது. கணவன் காருக்குள்ளிருந்து கட்டை விரலை உயர்த்தினான். அவளும் குதித்தாள். எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

எஞ்சின் அடங்கியதும் கீழே கிடந்த துணியை எடுக்கக் குனிந்தாள். மேசைக் காலடியில் நீல டேப் சுருண்டு கிடந்தது. எண்ணெய்க் கையோடு ஒட்டியது, அந்தச் சூட்டில் கழன்று விழுந்திருக்கிறது.

நிமிர்ந்தாள். மேசையில் மற்ற பாட்டில் இல்லை. அது மாமனார் கையில் இருந்தது, காலியாக. கழுத்திலும் முகத்திலும் ஈரம் வழிய அவர் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அதைக் குடிச்சீங்களா?"

"தாகமா இருந்துச்சு. பாதி குடிச்சேன், மீதியை மூஞ்சியில ஊத்திக்கிட்டேன். ஏன், உன் கார் கோவிச்சுக்குமா?"

"எப்படி இருந்துச்சு?"

"கசந்துச்சு. இப்ப எல்லாத் தண்ணியும் கசக்குது, போ."

பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்தாள். மெத்தனால் வாடை அடித்தது. ஆனால் அவள் கை, சட்டை, அந்தப் பட்டறைக் காற்று முழுக்க அதே வாடைதான். மூக்கை நம்ப வழியில்லை. கேட்கலாமென்றால் மாமனாருக்கு மூக்கே இல்லை.

"என்ன ஆச்சு?" என்று கணவன் ஓடி வந்தான்.

"மாமா மெத்தனால் குடிச்சிருக்கலாம். குடிக்காமலும் இருக்கலாம். தெரியல. முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க, நான் பின்னாலயே வரேன்!"

கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவை அணைத்தபடி வேனில் ஏற்றினான். "நான் நல்லாத்தானே இருக்கேன், இப்ப எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று பெரியவர் சத்தம் போடுவது தெருமுனை வரை கேட்டது.

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள். இருக்கும் பாட்டில் இரண்டும் காலி. ஒன்றில் இருந்தது எஞ்சினுக்குள் போய்விட்டது, ஒன்றில் இருந்தது மாமனாருக்குள் போய்விட்டது. எஞ்சின் குடித்தது கலவை என்றால் அவர் குடித்தது தண்ணீர். எஞ்சின் குடித்தது தண்ணீர் என்றால்... அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தைரியமில்லை.

எஞ்சின் என்ன குடித்தது என்று எஞ்சினையே கேட்கலாமே! அந்த நினைப்பு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். அவசரத்தில் வேறு எதையோ திறந்து மூடினாள். கலவை வரும் என்று நம்பி அவள் பெட்ரோலைக் குறைத்திருந்தாள். குறைந்ததை மெத்தனால் ஈடுகட்ட வேண்டும் என்பது கணக்கு. வெறும் தண்ணீர் போயிருந்தால் எரிபொருள் போதாமல், எரிபொருளுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டும் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியிருக்கும்.

கோடு ஏறவே இல்லை. தொடக்கத்திலிருந்து கடைசி வரை, அவள் போட்டு வைத்த இடத்தில் நேராகப் படுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நேர்கோட்டைப் பார்த்தால் குலை நடுங்கும். இவள் அந்த நேர்கோட்டைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். போன உயிர் திரும்பி வந்தது. டேங்கின் அடியில் மிச்சமிருந்த சொட்டைத் துணியில் நனைத்து, வாசலுக்கு எடுத்துப் போய்த் தீக்குச்சியைக் காட்டினாள். குப்பென்று பிடித்துக்கொண்டது.

கணவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய், மாமனாரைப் பார்த்த டாக்டரம்மாவிடம் அவள் லேப்டாப்பையே நீட்டினாள். "சந்தோஷம்மா. ஆனா உங்க கோடு எனக்குப் புரியாது. ரத்தம் சொல்லட்டும், அதுவரைக்கும் பெரியவர் இங்கேயே இருக்கட்டும்" என்றார் அவர். அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. ரத்தம் சொல்லும்வரை அவள் வராந்தாவில் உட்கார்ந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து சிரித்தார். ரத்தத்தில் ஒன்றுமில்லை. கசப்புக்குக் காரணம் ஜலதோஷ மாத்திரை. விழுங்க வேண்டியதைப் பெரியவர் கடித்துத் தின்றிருக்கிறார்.

உள்ளே போனாள். அவர் தலையணையில் சாய்ந்து, பஸ் சீட்டில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, என் தப்பு. குடிக்கிற பாட்டில்ல நான் அதை ஊத்தியிருக்கவே கூடாது. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவர் மேசையில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீ முதல்ல குடிச்சுக் காட்டு."

அவள் மூடியைத் திருகினாள். காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மூச்சு விடாமல் மடக் மடக்கென்று குடித்தாள். கண்ணீரும் தண்ணீரும் சேர்ந்து கழுத்தில் வழிந்தன. நிறுத்த முடியவில்லை.

"எனக்கும் கொஞ்சம் வைம்மா" என்று பெரியவர் கையை நீட்டினார்.