முட்டை அட்டைக் கோட்டை

சோளக்காடு பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்சவேணிக்குக் குழந்தைசாமியின் நாடகத் திரையைக் கண்டாலே ஆகாது. அவளுடைய ஊர் அரியூர் நாட்டில் இருந்தது; அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்கு அங்கே நாடகம் போடுவார்கள். அடிவாரத்திலிருந்து குழந்தைசாமி வேனில் வந்து, இருபது வருஷமாக அந்த ஒரே திரையைக் கட்டிவிட்டுப் போவார். ஓர் அரண்மனை, இரண்டு மயில், மூலையில் எப்போதும் பத்து மணி பத்து நிமிஷம் காட்டும் மணிக்கூண்டு. காட்டுக்கும் அதே திரை, சுடுகாட்டுக்கும் அதே திரை. போன வருஷ நாடகத்தில் நடுக்கடலில் கப்பல் கவிழ்ந்தபோதும் மயில்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

கூட்டம் இல்லாத மத்தியானம் ஒன்றில் அம்சவேணிக்கு ஓர் இணையதளம் அகப்பட்டது. வெளிநாட்டு நாடகக்காரர்கள் தங்கள் வித்தை முழுவதையும் இலவசமாகப் போட்டு வைத்திருந்தார்கள். உடை, மேடை, விளக்கு என்று மூன்று பிரிவு. அட்டையில் கவசம் செய்வது, காகிதத்தில் கற்சுவர் எழுப்புவது, நிலா வெளிச்சத்துக்கு எந்த நீலம் என்று எல்லாமே இருந்தன. மொழிபெயர்த்துப் படித்து, அறுபத்திரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, நூல் போட்டுக் கட்டிக்கொண்டு கோயில் கமிட்டித் தலைவர் அப்பாசாமியிடம் போனாள்.

"இந்த வருஷம் மேடையை நானே பண்றனுங்க, பெரியப்பா."

அப்பாசாமி பக்கங்களைப் புரட்டினார். "இதென்ன கண்ணு, இவனுக்குத் தலையே இல்ல?"

"அது உடுப்பு தைக்கற அளவுங்க."

"சரி, ஒருக்கா பண்ணிப் பாரு. குழந்தைசாமியையும் வரச் சொல்லிப் போடறேன். அவன் திரையோட ஓரமா நிக்கட்டும். உன்னுது சொதப்புச்சுன்னா அதை ஏத்திருவோம். அப்பறம் எந்தக் காலத்துலயும் மேடையைப் பத்திப் பேச்செடுக்கப்படாது."

அம்சவேணி ஒப்புக்கொண்டாள். நாமக்கல்லிலிருந்து முட்டை கொண்டுவரும் வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து, முந்நூறு முட்டை அட்டைகள் சேர்த்தாள். கவிழ்த்து ஒட்டிச் சாம்பல் வண்ணம் அடித்தால் அசல் கருங்கல். வெள்ளி வண்ணம் அடித்தால் வீரனின் மார்புக் கவசம். மேலே ஒட்டும் காகிதத்துக்குக் கடையில் தப்பாக அச்சான விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தளத்தில் கோதுமை மாவுப் பசை என்றிருந்தது. வீடு நிறைய மரவள்ளி மாவு இருக்கக் கோதுமையைத் தேடி யார் போவது? கொப்பரை நிறைய மரவள்ளிப் பசை காய்ச்சினாள்.

பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பசையில் ஒரு கரண்டி உப்பு சேர்க்கவும் என்று நாற்பத்தோராம் பக்கம் சொன்னது. அது அவர்கள் ஊர் வெயிலுக்குச் சொன்ன கணக்கு என்று அம்சவேணி முடிவு செய்தாள். இங்கே பனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. அவள் நான்கு படி உப்புப் போட்டாள்.

பண்டிகையன்று பொழுது சாயும் நேரத்தில் மேடையில் பன்னிரண்டடிக் கோட்டை எழுந்து நின்றது. ஊரே வாயைப் பிளந்தது. குழந்தைசாமிகூட வந்து தட்டிப் பார்த்தார்.

"கல்லாட்டமே இருக்குது அம்முணி. தாங்குமா?"

"உங்க மயில் கிழியறதுக்கு முன்னால இது போகாதுங்க" என்றாள் அம்சவேணி. அவர் சிரித்துக்கொண்டே வேனுக்குப் போய்ச் சுருட்டிய திரைமேல் உட்கார்ந்தார்.

ஜீப் ஓட்டும் மணிவண்ணன்தான் ராஜா. முதல் காட்சியில் அவன் வாளை உயர்த்தி முழங்கினான்: "ஏழாண்டு முற்றுகை! எவனாலும் அசைக்க முடியாத கோட்டை இது!"

அப்போது சின்னாயியின் செவலை மாடு மேடையின் பின்பக்கமாக ஏறி வந்து கோட்டையை நக்கியது.

ஒரு நக்கு நக்கி யோசித்தது. இன்னொரு நக்கு. பிறகு தெற்கு மதிலிலிருந்து ஒரு முட்டை அட்டையைப் பெயர்த்து நிதானமாக மெல்லத் தொடங்கியது.

அம்சவேணி நின்ற சுவிட்ச் பலகைக்கு அப்பாசாமி ஓடிவந்தார். "திரையை ஏத்தச் சொல்லட்டா?"

குழந்தைசாமி ஏற்கெனவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே நிமிசமுங்க, பெரியப்பா." அம்சவேணி விளக்கு சுவிட்சுகள்மேல் கை வைத்தாள். விளக்குப் பிரிவின் முதல் பாடம் நினைவுக்கு வந்தது: பார்க்க வேண்டியதை மட்டும் வெளிச்சத்தில் காட்டு. கோட்டை விளக்கை அணைத்து, ராஜாவின் முகத்தில் மட்டும் நீல நிலாவைப் பாய்ச்சினாள். மாடு மறைந்தது. மெல்லும் சத்தம் மறையவில்லை. கழுத்து மணியும் சேர்ந்து கேட்டது. கோட்டையில் ஏதோ ஒரு பகுதி சரிந்து விழும் சத்தமும் கேட்டது.

"மந்திரி, அது என்ன ஓசை?" என்றான் மணிவண்ணன், வசனத்தில் இல்லாததை.

மந்திரியாக நின்ற கோகுல் இருட்டில் எட்டிப் பார்த்தான். "எதிரிங்க, ராஜா. தெக்குப்பக்கம் முடிச்சுட்டு வடக்கே வருதுங்க."

கூட்டம் சிரித்துப் புரண்டது. "லைட்டைப் போடுங்கப்பா, மாட்டைப் பாக்கோணும்" என்று யாரோ கத்தினார்கள்.

அம்சவேணி அப்பாசாமியைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடு சாமி, போடு" என்றார்.

மூன்று விளக்கையும் மாட்டின்மேல் திருப்பினாள். அதன் பிறகு நாடகத்தை நடத்தியது செவலைதான். வடக்கு மதிலை முடித்தது. ஒரு சிப்பாயின் முதுகுக் கவசத்தை நக்க, அவன் கூச்சம் தாங்காமல் மேடையைச் சுற்றி ஓடினான். மாடு நக்கி வண்ணம் போன இடத்தில் விண்ணப்பங்கள் தெரிந்தன. முன்வரிசையிலிருந்த பாவாயி எழுந்து நின்றாள். "அது என்ற போட்டோதானே? ஏன் அம்சா, என்னைக் கொண்டுபோய்க் கோட்டையில ஒட்டியிருக்கற?"

"தப்பா அச்சானதுங்க அக்கா. நல்லதை அப்பவே அனுப்பியாச்சு."

"மாடு தின்னுட்டா மறுக்கா எழுதச் சொல்லுவாங்களோ?"

கடைசியில் மணிவண்ணன் மண்டியிட்டு, கிரீடத்தைக் கழற்றிச் செவலையின் முன் வைத்துச் சரணடைந்தான். அதே பசையில் செய்த கிரீடம். செவலை அதையும் ஏற்றுக்கொண்டது. படையெடுத்து வரவேண்டிய எதிரி ராஜா ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, தனக்கு இனி வேலையில்லை என்று டீ குடிக்கப் போனான்.

அப்பாசாமி வேனுக்கு நடந்துபோய், "குழந்தைசாமி, உன்ற திரையைக் கீழ கொண்டுபோயிரு. இனி மேடை அம்சா பாத்துக்கும்" என்றார்.

"மாட்டு வாடகை எவ்வளவுங்க?" என்று மட்டும் குழந்தைசாமி கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எடப்புளி நாட்டிலிருந்து இரண்டு பேர் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். அதே நாடகம் தங்கள் ஊரிலும் வேண்டும் என்றார்கள். அம்சவேணி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"கோட்டை எத்தனை அடியுங்க?" என்றார் மூத்தவர்.

"பன்னெண்டுங்க."

"அது பத்தாதே. நாங்க ரெண்டு மாடு விடலாம்னு இருக்கறமுங்க."

அம்சவேணி பேனாவை எடுத்தாள். "நாட்டு மாடுங்களா, நெறையத் திங்கற சிந்து மாடுங்களா?" என்று கேட்டாள்.