முன்பல்லுக்குப் பின்னால்

ஸெனோன் கை தூக்கி ஆமோதித்தபோது அவர் மனசாட்சி சுத்தமாகத்தான் இருந்தது. இருட்டப்போவது அடுத்தவர் வீடுதானே!

போலந்துத் தலைநகர் வார்சாவின் அந்தப் பழைய கட்டடத்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர். முகப்பை மூடி விளம்பரத் திரை கட்ட இடம் கொடுத்தால் புது லிஃப்ட் போட்டுத் தருவதாக ஒரு கம்பெனி சொன்னது. 'ஐந்தாம் தளத்திலிருந்து மேலே' என்றது ஒப்பந்தம். ஸெனோனுக்கு நாலாம் மாடி. ஐந்தாம் மாடிக் கிரஜீனா எதிர்த்துப் பேசியபோது, "மெல்லிசு வலைதானே பானி கிரஜீனா! காத்து வரும், வெளிச்சம் வரும், பழகிடும்" என்று பெரிய மனசோடு தேற்றினார். அந்த ஊரில் அம்மணிக்குப் 'பானி', ஐயாவுக்குப் 'பான்'.

திரை ஏறிய அன்று அவர் வீடும் இருண்டது. ஊர் வழக்கத்தில் தரைத்தளத்தை மாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொறியாளர்கள் அதையும் ஒரு தளமாக எண்ணுவார்கள். தான் குடியிருப்பது ஐந்தாம் தளம் என்பது ஸெனோனுக்கு எழுபது வயதில் தெரியவந்தது. விளம்பரம் பல்செட் பசைக்கு. கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முன்பல்லுக்குப் பின்னால் ஸெனோன். கிரஜீனாவுக்கு மூக்குத்துவாரம் வாய்த்தது.

"பழகிடும் பான் ஸெனோன்," என்றாள் கிரஜீனா படிக்கட்டில். "காத்து வரும், வெளிச்சம் வரும்."

வெளிச்சம் போனால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். எதிர்க் கட்டடத்து அம்மாளுக்கு என்ன செய்வது? ஆறு வருஷமாகக் காலை ஏழு மணிக்கு அவர் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார். ஸெனோன் ஜன்னலில் நின்று தேநீர்க் கிளாஸை உயர்த்துவார். அந்த அம்மாள் பூவாளியை உயர்த்துவார். அவ்வளவுதான். மனைவி போன பிறகு ஸெனோன் தினமும் சவரம் செய்துகொள்வதற்கு இருந்த ஒரே காரணம் அது.

வலை வழியாக ஸெனோனுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தது. அங்கிருந்து பார்ப்பவருக்கு அவர் தெரியவில்லை. முதல் வாரம் அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். அடுத்த வாரம் தேடுவதை விட்டார். மூன்றாம் வாரம் பூவாளி, திரை மூடாத மூன்றாம் மாடி வழுக்கைத்தலை வீதோல்டைப் பார்த்து லேசாக உயர்ந்தது.

ஸெனோன் சவரத்தை நிறுத்தினார். கிரஜீனா விசாரித்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"போய்க் கதவத் தட்ட வேண்டியதுதானே?"

"பேரே தெரியாதே."

"ஆறு வருஷமாவா?"

"நடுவுல நாலு வழிச் சாலை இருக்கே!"

"அதுக்கடியில சுரங்கப்பாதையும் இருக்கு, மனுஷா!"

பாதை இருந்தது, தைரியம் இல்லை. மறுநாள் விடிந்ததும் ஸெனோன் சமையலறைக் கத்தரிக்கோலால் திரையை வெட்டினார். ஏழு மணிக்கு, சிரிக்கும் பெண்ணின் முன்பல் இருந்த இடத்திலிருந்து ஒரு கை தேநீர்க் கிளாஸோடு வெளியே வந்தது. எதிரே பூவாளி கை நழுவிக் கீழே விழுந்தது. அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் ஆட்டினார்.

கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? 'குற்றவாளியைச் சங்கத் தலைவர் கண்டுபிடிக்க வேண்டும்' என்று கடிதம் வந்தது. தலைவர் கூட்டம் போட்டார்.

"பலத்த காத்து அடிச்சுக் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"காத்து கத்தரிக்கோல் எடுத்துக்கிட்டா வரும்?" என்றாள் கிரஜீனா. ஸெனோனுக்கு வியர்த்தது. அவள் அவரைக் கொஞ்ச நேரம் வேகவிட்டாள். "சரி, காத்துன்னே எழுதிக்குங்க. நாளைக்கு எங்க வீட்டுப் பக்கமும் அடிக்கும்."

காற்று ஒருமனதாக நிறைவேறியது.

ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் அடித்தது. சிரிக்கும் பெண்ணுக்கு மிஞ்சியது இரண்டே பல். காலை ஏழு மணிக்கு அவள் வாய், மூக்கு, நெற்றி எங்கும் கைகள் முளைத்துக் கிளாஸ்களை உயர்த்தின. கிரஜீனா மூக்குவழியே கைக்குட்டை ஆட்டினாள். எதிர் அம்மாள், பாவம், எந்தக் கைக்கென்று பதில் சொல்வார்? பொதுவாக எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஸெனோன் கிளாஸைக் கீழே வைத்தார். வழவழவென்று சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு, பேரை எப்படிக் கேட்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி சுரங்கப்பாதையில் இறங்கினார்.