இரண்டு காலும் சமம்

உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் பிசியோதெரபிஸ்டுகள் ஆண்டுதோறும் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். சேர்க்கும் வழி சுலபம். சனிக்கிழமை ஏதாவது ஓட்டல் அரங்கில் போய் உட்கார வேண்டும், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்க வேண்டும், சாயங்காலம் சான்றிதழோடு வீடு திரும்ப வேண்டும். முட்டி மேடம் இந்தக் கலையில் கரைகண்டவள்.

அவளுக்கு ஒரு கால்பந்து கிளப்பில் வேலை. அடிபட்ட முழங்கால்களைத் தேற்றி மைதானத்துக்குத் திருப்பி அனுப்புவதால் அங்கே எல்லோருக்கும் அவள் முட்டி மேடம்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவள் அம்மாவும் வங்கிக்காரர்களும் மட்டும்.

இந்த முறை பயிற்சியின் தலைப்பு, காயம்பட்ட வீரர் எப்போது ஆடத் திரும்பலாம் என்பது. குணமான நோயாளி யாரையாவது செய்முறைக்கு அழைத்து வரலாம் என்று போட்டிருந்தார்கள். முட்டி மேடம் ஆள் தேடி அலையவில்லை. உடன்பிறந்த தம்பி இருக்கிறானே. அதே கிளப்பில் ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரன். போன சீசனில் வலது முழங்காலில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை ஆகி, ஊன்றுகோலில் வந்தவனை அவள்தான் கண்ணும் கருத்துமாகத் தேற்றினாள். ஆடத் தகுதியானவன் என்று போன வாரம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். பயிற்சிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மேட்ச். பெரிய அணி ஒன்றிலிருந்து அவனைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். அவன் வயதில் இப்படி இரண்டாவது தடவை யாரும் வரமாட்டார்கள்.

“நான் எதுக்குக்கா அங்க?” என்றான் தம்பி.

“சும்மா வந்து ரெண்டு தாவு தாவு. எல்லாரும் வாயைப் பிளக்கட்டும்.”

“நாளைக்கு மேட்ச் இருக்கு.”

“நாளைக்கு ஓடப் போறவனுக்கு இன்னைக்குத் தாவ வலிக்குதா?”

அவன் பதில் பேசாமல் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அக்கா கெட்டிக்காரிதான், ஆனால் அந்த மௌனத்தை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அரங்கில் ஏசி பற்களைத் தந்தியடிக்க வைத்தது. தரைவிரிப்பின் மேல் அளவு டேப் ஒன்றை நீளமாக ஒட்டியிருந்தார்கள். பயிற்சி கொடுத்தவள் முட்டி மேடத்தைவிட வயதில் சின்னவள். சிரித்துப் பேசும் வழக்கமே இல்லை போலிருந்தது. சோதனை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒற்றைக் காலில் நின்று முடிந்த மட்டும் முன்னால் தாவி, அதே காலில் விழுந்து, ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு மற்றக் காலில். அடிபட்ட கால் நல்ல காலுக்குச் சமமாகத் தாவினால் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். ஊரெல்லாம் இதுதான் கணக்கு, முட்டி மேடத்தின் கணக்கும் இதுதான்.

தம்பி தாவினான். இரண்டு காலுக்கும் விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. அரங்கம் கைதட்டியது. முட்டி மேடம் அந்தக் காலைத் தானே பெற்றுப் போட்ட மாதிரி சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

பயிற்சியாளர் மட்டும் கைதட்டவில்லை. “இதுல நல்ல கால் எது மேடம்?”

“இடது கால்.”

“அது நல்ல கால்னு யார் சொன்னது?”

ஏதோ வேடிக்கை என்று முட்டி மேடமும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்து வைத்தாள். பயிற்சியாளர் கடைசி வரிசையைப் பார்த்து, கிட்டத்தட்ட தம்பியின் உயரமுள்ள ஒருவரை எழுந்து வரச் சொன்னாள். வயதானவர்களின் முதுகுவலிக்கு கிளினிக் வைத்திருக்கும் மனிதர். தொப்பை அவருக்கு ஓரடி முன்னால் வந்து சேர்ந்தது. விளையாடியே பல வருஷம் ஆகிறது என்றார். பையிலிருந்த செல்போனையும் சாவிக்கொத்தையும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்று, தாவினார்.

தம்பி தாவிய தூரத்தைத் தாண்டிப் போய் விழுந்தார். லேசாக ஆடினார், ஆனால் நின்றுவிட்டார். அரங்கத்திலேயே அதிகம் அதிர்ந்து போனது அவர்தான்.

“நான் சரியா மூச்சுகூடப் பிடிக்கலைங்க,” என்று தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

“மாசக்கணக்குல படுத்துக் கிடந்தா ரெண்டு காலும்தான் இளைக்கும்,” என்றாள் பயிற்சியாளர். “அடிபட்ட காலை நாம விழுந்து விழுந்து கவனிக்கிறோம். நல்ல காலை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. கடைசியில இளைச்ச காலை வெச்சே இன்னொரு காலை அளக்கிறோம். இவருக்கு ரெண்டு காலும் சமம்தான். ரெண்டும் இன்னும் தேறலை. எப்ப ஆடப் போறார்?”

முட்டி மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. “நாளைக்கு,” என்றாள்.

“அதை நீங்கதான் முடிவு பண்ணணும். எல்லாரும் போய் டீ சாப்பிட்டு வாங்க.”

டீ மேசையைத் தாண்டி, வெளியே தாழ்வாரத்தின் கோடிக்குத் தம்பியை அழைத்துப் போனாள். அத்தனை பேர் முன்னால் மூக்குடைபட்டது வலித்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

“நாளைக்கு நீ இறங்க வேண்டாம்டா.”

“போன வாரம் நீதானே கையெழுத்துப் போட்ட?”

“போட்டேன். தப்பு.”

“அந்தத் தொப்பைக்காரர் தாவிட்டார்னு மாத்திக்கிறியா?”

“ஆமா.”

“சரி, ஆடினா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாமலும் போகலாம். மறுபடி அறுந்தா, நீ இனிமே ஆடவே முடியாது.”

தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான். முட்டி மேடம் கிளப் கோச்சின் எண்ணை அழுத்தினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பேசுகிறவர்களைக் கோச் வேலையில் வைத்துக்கொள்வதில்லை. முன்பிருந்த மசாஜ்காரர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார். தெரிந்துதான் அழுத்தினாள்.

“சார், தம்பி விஷயமாப் பேசணும். நான் போன வாரம்...”

தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“சார், நான்தான் பேசறேன். நாளைக்கு நான் இறங்கலை. அக்கா மேல தப்பு எதுவும் இல்லை, அவங்க பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டாங்க. எனக்குத்தான் பயமா இருக்கு. ஆமா சார். பயம்னுதான் சொன்னேன்.”

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். கோச்சின் குரல் டீ மேசை வரைக்கும் கேட்டது. காலில் வலி என்று ஆட்டக்காரன் சொன்னால் கிளப் அதை அடுத்த வாரம் மறந்துவிடும். பயம் என்று சொன்னால் மறக்காது. கோச் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, போனை அக்காவின் கையில் கொடுத்தான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காக எதுக்குடா பொய் சொன்ன? உன் பேரு கெட்டுப் போயிடும். இரு, நான் கூப்பிட்டு உண்மையைச் சொல்றேன்.”

“பொய் இல்லக்கா.”

அவள் எண்ணை அழுத்துவதை நிறுத்தினாள்.

“ஓடித் திரும்பும்போது அந்தக் காலை ஊனவே மனசு வரலை,” என்றான் தம்பி, டீ குடிப்பவர்களைப் பார்த்தபடி. “படுத்தா அறுந்த சத்தம் காதுல கேக்குது. தூங்கியே ரொம்ப நாளாச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“தினமும் டேப்பைப் பிடிச்சு அளந்தியே. பயமா இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டியா?”

உள்ளே அடுத்த வகுப்புக்கு வருகைப் பதிவு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“இப்பக் கேக்கறேன்,” என்றாள். “சொல்லு.”