மூன்று கபிரியேலும் ஒரு கம்பளியும்

எங்கள் தாத்தா பெயர் கபிரியேல். தலைப்பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது எங்கள் வழக்கம். அவருடைய மூன்று மகன்களும், விட்டுக்கொடுக்க மனசில்லாமல், ஆளுக்கொரு கபிரியேலைப் பெற்றுவைத்தார்கள். சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தின் பதினாலாம் நம்பர் வீட்டில், மூன்று குடும்பமும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். மூவரில் சின்னவன் நான். கோபம் எனக்கு மூக்கு நுனியில்.

எழுபத்தாறாம் வருஷம் கம்பெனியின் கொச்சி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வருஷாவருஷம் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் கம்பளியின் லிஸ்டை அதுதான் சரிபார்த்தது. பெயரும் வீட்டு நம்பரும் ஒன்றாக இருந்தால், ஒரே ஆளை இரண்டு தரம் எழுதிவிட்டார்கள் என்று அடித்துவிடும். மூன்று கபிரியேலில் இரண்டு பேர் லிஸ்டிலிருந்து அடிபட்டுப் போனோம். கம்பளி பெரியவனுக்கு மட்டும் வந்தது. மார்கழிக் குளிர். என் மனைவி இன்பமேரிக்கோ நிறைமாசம்.

கிளார்க் சங்கையாவிடம் போய் நின்றேன்.

"அண்ணே, நாங்க மூணு பேருன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுதுப்பா. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே. அது தப்பே பண்ணாதுன்னு தொரை சொல்லுதாரு."

தப்பே பண்ணாதா? சரி. மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்களத்துக்கு நான் ஒருத்தன்தான் போனேன். மற்ற இருவரையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கச் சொல்லிவிட்டேன். தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்ட ஆள் போதாமல் மேனேஜர் துரை குதித்தார்.

"மத்த ரெண்டு கபிரியேல் எங்கடா?"

"லிஸ்ட்ல ஒருத்தன்தான தொரை? அந்த ஒருத்தன் வந்துட்டேன்."

களமே சிரித்தது. லிஸ்டை விளக்குவதற்காகக் கொச்சியிலிருந்து வந்திருந்த புரோகிராமரும் பக்கத்தில் நின்றார். கல்பாத்திக்காரர், கணபதிராமன் என்று பெயர். காதைச் சுற்றி மப்ளர். பாவம், அவர் முகம்தான் சுண்டிப்போயிற்று.

"பேரும் ஆத்து நம்பரும் ஒண்ணாயிருந்தா ஆளும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். அடுத்த வருஷம் செக்ரோல்ல ஆளுக்கொரு நம்பர் இருக்கே, அதையும் சேத்துப் பாக்கச் சொல்லிடறேன்."

"அடுத்த வருஷமா? எம்பிள்ள இந்த மாசம் பொறக்கப்போவுது சார்! மூணு பேரும் ஒரே ஆளுன்னு கோயில்ல சாமியார் சொன்னா முட்டி போட்டு ஒத்துக்கிடுதோம். அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி. அவங்களுக்குக் குளிராது."

துரை என்னை முறைத்தார். பிறகு சங்கையா பக்கம் திரும்பினார்.

"ஸ்டோரைத் தொற."