டிரம்முக்குள் இரண்டாவது தட்டு

1

இந்தக் கதை ஒரு ஃப்ரிட்ஜ் தட்டிலிருந்து பிறந்தது. பாதிப் பொய். என் அண்ணன் இன்று காலை கேட்ட ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லக் கையில் தெம்பில்லாமல் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று சனிக்கிழமை. மணி இரண்டரை. ஆறு மணிக்குள் இதை முடித்து என் மகள் கையில் கொடுத்தாக வேண்டும். அவள் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுப்பாள். ஆகவே இந்தக் கதையை முதலில் படிக்கப்போகிறவர் நீங்கள் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இரண்டாவது.

தொடக்கங்கள்:

'ஒரு வெல்டருக்கு ஒரு தம்பி இருந்தான், அவன்...' [பாட்டி கதை மாதிரி இருக்கிறது. அடித்தாயிற்று.]

'வட்டமான டிரம்முக்குள் நீளத் தட்டை நுழைக்கப் பார்த்த மனிதனை நீங்கள்...' [கேள்வி கேட்டு ஆரம்பிப்பது சோம்பேறித்தனம்.]

'அண்ணன் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது.' [இது இருக்கட்டும்.]

2

அண்ணன் என்னோடு பேசி மூன்று வருடம் ஆகிறது.

(நேற்று சாயங்காலம் வரைக்குமான கணக்கு இது.) அவர் வெல்டர். சொந்தப் பட்டறை. எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடும் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஸ்மோக்கர் அவர் செய்து கொடுத்தது. நல்ல இரும்பு டிரம் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த பெயின்டையெல்லாம் எரித்து, அடியில் கரிக்கூடை, நடுவில் ஒரு கம்பித்தட்டு, மேலே மூடி, மூடியில் புகை போக ஒரு குழாய். கரி கனன்று கனன்று மூன்று மணி நேரம் புகையிலேயே கோழி வேகும். எலும்பைத் தொட்டால் கையோடு வரும்.

'ஒரு தட்டு போதும்டா. உன் வீடு, என் வீடு. ஏழு பேர்' என்றார் அன்று. ஞாயிறுதோறும் ஏழு பேரும் சாப்பிட்டோம். பிறகு நான் ஒரு கதை எழுதினேன்.*

* அந்தக் கதையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தேடாதீர்கள். அவ்வளவு நல்ல கதையும் இல்லை. பாராட்டினார்கள், அது வேறு விஷயம்.

3

அந்தக் கதையில் ஒரு வெல்டர் வந்தார். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மீசையை எடுத்தேன். பட்டறை படுத்துக் கிடந்த ஒரு மாதத்தில், டிரம் பக்கத்தில் நின்றுகொண்டு, அண்ணன் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். அண்ணியிடம்கூடச் சொன்னதில்லை. அதை மட்டும் மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டேன். அவர் சொன்னது இது:

[                    ]

இங்கே நான்கு வரி இருந்தது. பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது, அதுதான் எரிச்சல். எடுத்துவிட்டேன். உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் பத்திரிகையை நீட்டி, 'இது நம்ம கதை மாதிரி இருக்கே' என்றாராம். அண்ணன் பாதி முடி வெட்டிய தலையோடு படித்திருக்கிறார். சண்டைக்கு வரவில்லை. போனில் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அவ்வளவுதான். நான் இரண்டு முறை அவர் வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அண்ணிதான் போனில் சொன்னார்: 'அவர் ஒண்ணுமே பேசலைங்க. புக்க மடிச்சு பீரோல வச்சிட்டாரு.'

திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

4

இப்போது தட்டு.

என் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கள்கிழமை கிளம்புகிறாள். ஞாயிறு மத்தியானம் வீட்டில் சாப்பாடு, பதினெட்டுப் பேர். பட்டியலில் முதல் பெயர் பெரியப்பா. 'கூப்பிட்டுட்டேன். வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல' என்றாள்.

ஒரு தட்டில் மூன்று கோழிக்கு மேல் வைக்க முடியாது. ஆறு வேண்டும்.

'ரெண்டு தடவையா வைங்களேன்' என்றாள் மனைவி.

'தடவைக்கு மூணு மணி நேரம். பாதிப் பேர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருச்சப்புறம்தான் மீதிப் பேருக்கு வரும்.'

'அப்போ உங்க அண்ணனக் கேளுங்க.'

'நானே பண்ணிக்கிறேன்.'

அவள் என் கையைப் பார்த்தாள். இந்தக் கை ஆணி அடித்த கை இல்லை, அச்சுப்பிழை திருத்துகிற கை. அதில் ரோஷம் வந்துவிட்டது. ஷெட்டில் கிடந்த செத்துப்போன ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கம்பித்தட்டை உருவினேன். பளபளவென்று இருந்தது. டிரம் வட்டம், தட்டு நீளம். நான்கு மூலைகளையும் சுத்தியலால் மடக்கி, டிரம்முக்குள் திணித்து, காலால் ஒரு மிதி மிதித்தேன். நின்றது! எனக்கே நம்ப முடியவில்லை. மகளைக் கூப்பிட்டுப் பெருமையாகப் படம் எடுக்கச் சொன்னேன்.

[இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் புத்திசாலியாகக் காட்டும் ஒரு பத்தி இருந்தது. முதல் வாசகர் சிரிப்பார் என்று எடுத்துவிட்டேன்.]

5

அவள் அந்தப் படத்தைப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டாள். நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. மூன்று வருடத்தில் முதல் செய்தி:

'அது ஃப்ரிட்ஜ் தட்டு. அதுல பூசியிருக்கறது சூடானா விஷப்புகை. எடுத்துக் கடாசு. காலைல வர்றேன்.'

நான் போனை மனைவியிடம் காட்டினேன். 'வெங்காயம்' என்றேன். 'ஆமாமா, வெங்காயம்தான்' என்றாள்.

6

காலை ஒன்பதுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. டிரில், சுருண்டுகொள்ளும் அளவு டேப், ஒரு பையில் போல்ட், தோளில் புதிதாகச் செய்த வட்டமான எவர்சில்வர் கம்பித்தட்டு. ராத்திரியே பட்டறையில் செய்திருக்க வேண்டும். டிரம்மின் விட்டம் மூன்று வருடமாக அவருக்கு மறக்கவில்லை.

'வாங்கண்ணே.'

'ம்.'

ஃப்ரிட்ஜ் தட்டை எட்டிப் பார்த்தார். 'மிதிச்சியா?'

'ஆமா.'

'தெரியுது.' அதைப் பிடுங்கிச் சுவரோரம் எறிந்தார். பழைய தட்டிலிருந்து ஆறு அங்குலம் மேலே டிரம்மின் வெளிப்பக்கம் சாக்பீஸால் குறித்தார். நான்கு இடத்தில் துளை போட்டு, நான்கு போல்ட்டை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி முடுக்கினார். அதன் மேல் புதுத் தட்டை இறக்கினார். கையால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

'ஒரு கிண்ணம் கொண்டா. ஒரு கோழி உசரத்துக்கு.'

கொண்டுவந்தேன். அதைப் புதுத் தட்டில் கவிழ்த்து வைத்து மூடியைப் போட்டார். மூடி பதிந்து உட்கார்ந்தது.

'வெறும் தட்ட வச்சு அளந்தா எப்பவும் சரியாத்தான் இருக்கும்' என்றார். 'மேல கோழி உக்காரும்ல? அதுக்கு எடம் விட்டியா நீ?'

'விடல.'

'மூடி தூக்கிக்கும். சூடு நிக்காது. ஒண்ணும் வேகாது.'

அவர் பேச்சின் இடைவெளியில் நான் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தேன். மூன்று வருடமாக மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியம். 'அண்ணே, அந்தக் கதைல நான்...'

டிரில்லைப் போட்டுவிட்டார். துளை போட வேண்டிய இடம் எதுவும் மிச்சமில்லை. சும்மா ஓட விட்டார்.

7

டிரில்லை நிறுத்தி, வயரைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

'இதையும் எழுதுவியா?'

'இல்லண்ணே' என்றேன்.

'பொய். உன் மூஞ்சியே சொல்லுது.'

நான் தலை குனிந்துகொண்டேன். அவமானமாக இருந்தது. அவர் சொன்னது சரி. 'டிரில்லைச் சும்மா ஓட விட்டார்' என்ற வரி அதற்குள் மனதில் எழுதப்பட்டுவிட்டது.

'எழுதறத நான் தடுக்கலடா. எல்லாரும் படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் நான் படிச்சேன் பாரு, அதான். முடிவெட்டுற கடைல, கழுத்துல துணியக் கட்டிக்கிட்டு.' பையைத் தோளில் மாட்டினார். 'இந்தத் தடவ முதல்ல எனக்குக் காட்டு.'

'நாளைக்கு வருவீங்கல்ல?'

'படிச்சிட்டுச் சொல்றேன்.'

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். என் நிலைமை புரிகிறதா? இதுவரை எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன். அந்த ஒரு கதையைத் தவிர, ஒன்று பிடிக்கவில்லை என்று யாரும் சாப்பிட வராமல் போனதில்லை.

8

மணி ஐந்தேகால். முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) ஞாயிறு. அண்ணன் வருகிறார். தம்பி அழுகிறான். புகை கண்ணில் பட்டது என்கிறான். [அண்ணன் காறித் துப்புவார்.]

(ஆ) அண்ணன் வரவில்லை. மேல் தட்டில் ஒரு கோழி யாரும் தொடாமல் ஆறிக்கிடக்கிறது. [உருக்கமாக இருக்கும். பாராட்டுவார்கள். இதை எழுத என் கை பரபரக்கிறது என்பதே இதை எழுதக் கூடாது என்பதற்குக் காரணம்.]

(இ) தம்பி அந்தப் பழைய கதைக்காக மன்னிப்புக் கேட்கிறான். அண்ணன் தோளில் கை போட்டு...

கதைக்குள் கேட்டால் அது மன்னிப்பாகுமா? அவர் எதிரே நின்றபோது கேட்கத் துப்பில்லை. இங்கே அழகான வாக்கியத்தில் கேட்பது...

மகள் வண்டிச் சாவியோடு நிற்கிறாள். 'போதும்ப்பா, குடுங்க.'

9

ஞாயிறு. பதினொரு மணி. கரி கனன்றுகொண்டிருக்கிறது. கோழிகள் காலையிலேயே உள்ளே போய்விட்டன, கீழே மூன்று, மேலே மூன்று. மகள் இப்போதுதான் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

பென்சிலால் திருத்தியிருக்கிறார். ஆறாம் பகுதியில், 'ஆறு அங்குலம் இல்ல, ஏழு.' அதற்குக் கீழே, 'நாலு போல்ட் இல்ல, மூணு. மூணுல வச்சாதான் ஆடாது. பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னத்தப் பாத்த?'

உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணே.

(மேலே நான் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். போய் டிரம்மை எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.)

மூன்றாம் பகுதியின் வெற்று அடைப்புக்குறிக்குள் எதுவும் எழுதவில்லை. பக்கத்தில் ஒரு கட்டைவிரல் கறை மட்டும். அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். எட்டாம் பகுதியின் மூன்று முடிவுகளையும் குறுக்கே ஒரே கோடாக அடித்திருக்கிறார். கடைசித் தாளின் அடியில் இரண்டே சொல்:

'மீதி எங்க?'

'வர்றாராம்மா?' என்று மகளைக் கேட்டேன்.

'ஒண்ணும் சொல்லலப்பா. சட்டைய அயர்ன் பண்ணிட்டிருந்தாரு.'

பட்டறைக்கு யாரும் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போவதில்லை. ஆனால் ஞாயிறன்று போக மனிதனுக்கு வேறு எத்தனையோ வீடு இருக்கும்.

10

மணி பன்னிரண்டே முக்கால். பதினேழு பேர் வந்தாயிற்று. நடுக்கூடத்தில் சிரிப்பு. மனைவி இரண்டு முறை ஜன்னல் வழியே என்னைப் பார்த்துவிட்டாள். நான் டிரம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

வாசல் கேட் சத்தம்.

பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், நேற்று வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வருவதாகச் சொன்னார். அது யார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் நடப்பதை நான் எழுதப்போவதில்லை. அங்கே அண்ணன் நின்றால் நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. அது அவருக்கு மட்டும்.

'இதையும் எழுதுவியா' என்றீர்களே அண்ணே. இல்லை. மீதியை எழுதவில்லை.

பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன்.