தாத்தா தூங்கவில்லை

அந்தப் பயிற்சி நிலையத்தில் மழலையர் ஆசிரியைக்கான தேர்வு குழந்தைகள் இல்லாமல்தான் நடக்கும். ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளுக்கு எங்கே போவது? கூடப் படிக்கும் பெண்களில் நால்வர் பாயில் சம்மணமிட்டு நான்கு வயதுக் குழந்தைகளாகிவிடுவார்கள். யார் எப்படிப்பட்ட குழந்தை என்பதைத் தேர்வாளர் ஆளுக்கொரு சீட்டில் எழுதித் தருவார். அழும் குழந்தை, கடிக்கும் குழந்தை, வாயே திறக்காத குழந்தை. நாலாவது சீட்டு மட்டும் வருடா வருடம் மாறாது. அது தாத்தாவை இழந்த குழந்தை. பாடத்தின் நடுவில் எழுந்து, தாத்தா எங்கே என்று கேட்கும். சமாளித்தால் பத்து மதிப்பெண்.

விடை கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. ‘தாத்தா சாமியிடம் தூங்குகிறார். வாருங்கள், கைதட்டிப் பாடலாம்.’

சாஜிதா பேகத்துக்கு மற்ற எல்லாம் வந்தது, அந்த ஒரு வரிதான் வரவில்லை. ஒத்திகையில் அவள் அதைச் சொல்லாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, நிலையத்தை நடத்தும் வரதராஜுலு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏனுங்கம்மா, கடிக்கிற புள்ளைய நீங்க சமாளிச்சதப் பாத்து நானே அசந்துபோட்டேன். இந்த ஒரு வரியச் சொல்லிப்போட்டுப் போனா என்னங்க?”

“அது பொய்யிங்க சார்.”

“புள்ளைககிட்டச் சொல்றதெல்லாம் நெசமாங்க? சாப்புடாட்டி பூச்சாண்டி புடிச்சுட்டுப் போயிருவான்னு சொல்றோம். எந்தப் பூச்சாண்டியிங்க இதுவரைக்கும் வந்தான்?”

“எங்கூட்டுக்கு வந்துட்டானுங்க” என்றாள் சாஜிதா.

வரதராஜுலு கையேட்டை மூடி வைத்தார். “ஜூன்ல உங்களுக்கு வேலை காத்துட்டு இருக்குதுங்கம்மா. யோசிச்சுக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

வேலை காத்திருந்தது உண்மைதான். சரவணம்பட்டியில் ஒரு மழலையர் பள்ளியில் அவள் ஒன்றரை வருடமாக ஆயா. மூக்குத் துடைப்பதும் ஜட்டி மாற்றுவதும் அவள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பது வேறொருத்தி. அழுகிற பிள்ளை தேடி வருவது என்னவோ ஆயாவைத்தான். ஜூனில் எல்.கே.ஜி. மிஸ் கல்யாணமாகிப் போகிறாள். சான்றிதழ் கொண்டுவந்தால் அந்த வகுப்பு உனக்கு என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

அந்த வரியை அவள் ஒரு காலத்தில் சரளமாகச் சொன்னவள்தான். ஆட்சேபணையே அதில்தான் இருந்தது.

அவள் கணவன் கரீம் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டுபவன். இரண்டு வருடத்துக்கு முன், மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிப் போனவன் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டான். கோட்டைமேட்டு வீட்டில் வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தபோது, நான்கு வயது மகள் அஃப்ஷீன், “அத்தா ஏன் கீழ படுத்திருக்காங்க?” என்று கேட்டாள்.

“அத்தா தூங்குறாங்க கண்ணு, சத்தம் போடாத” என்றாள் சாஜிதா.

பிள்ளை அதை நம்பினாள். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, அழுதபடி உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் போய், சத்தம் போடாதீங்க என்று சொன்னாள். பிறகு ஆண்கள் வந்து, தூங்குகிறவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கணவன் போனபின் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் நாலு மாதம் பத்து நாள். அதில் பாதிக்குமேல் அஃப்ஷீன் அவளைக் கண்மூட விடவில்லை. கொஞ்சம் அசந்தால் போதும், இரண்டு விரலால் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். தானும் படுக்கமாட்டாள், சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருப்பாள். ஒரு மத்தியானம் சாஜிதா அவளை மடியில் இருத்தி, “நான் சொன்னது தப்பு கண்ணு. அத்தா தூங்கல, மவுத்தாயிட்டாங்க. இனி வரமாட்டாங்க” என்றாள். பிள்ளை வாந்தி வரும்வரை அழுதாள். அழுது முடித்து, சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினாள்.

இதைக் கையேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

தேர்வன்று சாஜிதாவின் பாடம் இலைகளை வகை பிரிப்பது. தாத்தா சீட்டு விழுந்தது தேஜஸ்ரீக்கு. இருபத்திரண்டு வயசு, நடிப்பில் கெட்டி. “மிஸ், எனக்கு மூச்சா வருது” என்று ஆரம்பித்தே தேர்வாளரைச் சிரிக்க வைத்தவள். முருங்கையிலைக்கும் வேப்பிலைக்கும் நடுவே எழுந்து நின்றாள்.

“மிஸ், எங்க தாத்தா எங்க மிஸ்?”

கதவோரம் நின்ற வரதராஜுலு, சத்தம் வராமல் கைதட்டிக் காட்டினார். சாஜிதா இலைகளைக் கீழே வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

“உங்க தாத்தா செத்துப்போயிட்டாங்க கண்ணு.”

தேர்வாளரின் பேனா நின்றது.

“தூங்குறாங்களா மிஸ்?”

“இல்ல. தூங்குனா எந்திரிச்சிருவோம். செத்துப்போனா மூச்சு வராது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வரவும் முடியாது. உனக்கு அழுகை வந்தா அழுகலாம்.”

சீட்டில் இருந்தது அவ்வளவுதான். தேஜஸ்ரீ உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் உட்காரவில்லை. மழலைக் குரலை விட்டுவிட்டுத் தன் குரலில் கேட்டாள்.

“அப்ப எங்கம்மாவும் செத்துருவாங்களா மிஸ்?”

இல்லை, சாயங்காலம் வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிடலாம். கரீமும் வருவதாகத்தான் சொல்லிப் போனான்.

“எல்லாருக்கும் ஒருநாள் வரும். எப்பன்னு எனக்குத் தெரியாது. ஆனா உன்னக் கூட்டிட்டுப் போக ஆள் வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். உன்னத் தனியா உட்டுட்டுப் போகமாட்டேன்.”

கடிக்கும் குழந்தை கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தது. சாஜிதா ஒரு வேப்பிலையை எடுத்துத் தேஜஸ்ரீயின் கையில் கொடுத்தாள். “இத எங்க வெக்கலாம், சொல்லு.”

நாற்பத்தேழு மதிப்பெண் வந்தது. தேறுவதற்கு ஐம்பது வேண்டும். அந்தப் பத்தில் பூஜ்யம்.

தேர்வாளர் பொல்லாதவர் அல்ல. சாஜிதாவை மட்டும் மேசையருகே அழைத்தார். “கிளாஸ் நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா என்கிட்ட இருக்கிற தாள்ல உங்க பதிலுக்கு இடமில்ல. நாளைக்கு ஒரு பேரண்ட் வந்து சண்டை போட்டா யார் நிக்கறது? அந்த ஒரு கேள்விய மறுபடி கேக்கறேன். புத்தகத்துல இருக்கறதச் சொல்லுங்க, இப்பவே முடிச்சுடலாம்.”

பேனாவைத் திறந்துகொண்டார். அலுவலகக் குரலில் கேட்டார். “தாத்தா எங்கே மிஸ்?”

மூன்று மதிப்பெண். ஒரு வகுப்பறை. இருபது பிள்ளைகள் தன்னை மிஸ் என்று கூப்பிடுவது. எல்லாம் அந்த மேசையின் மறுபக்கம் இருந்தன.

“செத்துப்போயிட்டாங்க” என்றாள் சாஜிதா.

தேர்வாளர் தாளில் ‘மறுதேர்வு’ என்று எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, ‘என் தவறான விடையை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அச்சிட்டிருந்தது. சாஜிதா ‘தவறான’ என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

“மறுதேர்வு எப்பங்க?”

“செப்டம்பர்” என்றார் கதவோரமே நின்றிருந்த வரதராஜுலு. “அப்பவும் இதையேதான் சொல்லுவீங்களா?”

“கேள்விய மாத்துனீங்கன்னா பதிலும் மாறுமுங்க சார்.”

வீட்டு வாசலில் அஃப்ஷீன் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. “அம்மா, பாஸா?”

“இல்ல கண்ணு.”

“ஃபெயிலா?”

“ஆமா. ஃபெயில்.”

பிள்ளை அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அப்ப மிஸ் ஆக மாட்டியா?”

“ஜூன்ல ஆக முடியாது. செப்டம்பர்ல மறுக்காப் போயி அதையே சொல்லப் போறேன்.”

“மறுக்காவும் ஃபெயில் போட்டா?”

“போடலாம். தெரியாது.”

அஃப்ஷீன் தலையாட்டிவிட்டு விளையாடப் போனாள். சாஜிதா பாயை விரித்துப் படுத்துக் கண்ணை மூடினாள். பிள்ளை இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்து போனாள். இமையைத் தொடவில்லை.